கார் ட்வீட்டர் பாதியில் நின்றுபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்வீட்டர் மட்டும் அடங்கிவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் திரும்பிவிடுகிறது. கார் ஆடியோவில் என்னிடம் அதிகம் பேர் கேட்பது இந்தக் கோளாறைப் பற்றித்தான். அவர்களில் பாதிப் பேர் புது ட்வீட்டர் வாங்கி மாட்டிய பிறகும் அதே கோளாறு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அந்தச் செலவைத் தவிர்க்க, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ட்வீட்டர் என்பது எது? என் காரில் அது எங்கே இருக்கிறது?

உச்சஸ்தாயி ஒலிகளுக்கென்றே இருக்கும் சிறிய ஸ்பீக்கர். பெரும்பாலும் ஒரு அங்குல அளவில், பட்டுத் துணியிலோ மெல்லிய உலோகத்திலோ செய்த குமிழ் வடிவில் இருக்கும். சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை இது பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ளதைக் கதவில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். முன் கண்ணாடியை ஒட்டிய தூணிலோ, பக்கக் கண்ணாடிக்கு உள்புறம் உள்ள முக்கோணத் துண்டிலோ, டேஷ்போர்டின் இரு மூலைகளிலோ தேடிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த ரகங்களில் சல்லடை மூடி மட்டும் இருக்கும், பின்னால் ட்வீட்டரே இருக்காது. இல்லாத ட்வீட்டர் வேலை செய்யவில்லை என்று வந்தவர்களும் உண்டு.

ட்வீட்டர் நின்றுவிட்டது என்று காதாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு பஜனைப் பாட்டைப் போடுங்கள். ட்வீட்டர் நின்றால் முதலில் காணாமல் போவது ஜால்ராதான். கஞ்சிராவின் சிலம்பல் போய்த் தோலின் ஒலி மட்டும் மிஞ்சும். பாடுகிறவர் உச்சரிக்கும் 'ஸ', 'ஷ' எல்லாம் மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும்.

எந்தப் பக்கம் நின்றது என்று பார்க்க, ஸ்டீரியோவில் ஒலியை முழுக்க முன்பக்கத்துக்குத் தள்ளி, பிறகு இடது, வலது என்று ஒவ்வொரு பக்கமாக ஒதுக்கிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை ட்வீட்டர் மேலும் மறுமுனையைக் காதிலும் வையுங்கள். கதவு ஸ்பீக்கரின் ஒலியை ட்வீட்டருடையது என்று மயங்கிவிடாமல் இருக்க இதுதான் எளிய வழி.

வால்யூம் கூட்டினால் நிற்கிறது, குறைத்தால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. இது என்ன கோளாறு?

பெரும்பாலும் இது கோளாறே இல்லை, பாதுகாப்பு. உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் மற்றதைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி ஒன்று ட்வீட்டருடன் வரும். அதுதான் கிராஸ்ஓவர். அதைத் திறந்து பார்த்தால், ட்வீட்டருக்குப் போகும் பாதையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய வில்லை இருக்கும். அதைப் பாலிஸ்விட்ச் என்பார்கள். அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் அது சூடாகும், சூடானதும் அதன் மின்தடை பல மடங்கு எகிறும், ட்வீட்டர் அடங்கிவிடும். ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஃபியூஸ் எரிந்தால் மாற்ற வேண்டும்; இது தானாகவே மீளும்.

இன்னொரு நுணுக்கம்: அடைத்துக்கொண்ட பிறகும் அதன் வழியே சிறிதளவு மின்சாரம் கசியும். அந்தக் கசிவே அதைச் சூடாக வைத்திருக்கப் போதும். அதனால்தான் வால்யூமைக் குறைக்காமல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ட்வீட்டர் திரும்புவதில்லை. குறைத்தவுடன் சற்று நேரத்தில் திரும்புகிறது. உங்கள் காரிலும் நடப்பது இதுவே என்றால் ட்வீட்டர் நலமாக இருக்கிறது. அதற்கு ஏன் இவ்வளவு மின்சாரம் போகிறது என்பதுதான் கேள்வி. அதற்கான விடை, பின்னால் கிளிப்பிங் (ஒலி அலை வெட்டுப்படுவது), கெயின் (ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஒரு திருகு) பற்றிய கேள்விகளில் வருகிறது.

சில கிராஸ்ஓவர்களில் வில்லைக்குப் பதில் குட்டி பல்ப் இருக்கும். அது முழுக்க நிறுத்தாது, ஒலியை அமுக்கும். இருட்டில் பாட்டைச் சத்தமாக வைத்தால் பெட்டிக்குள் அது மினுக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த வில்லையைக் கழற்றிவிட்டு நேரடியாக வயர் போட்டுவிடலாமா? மெக்கானிக் அப்படித்தான் சொல்கிறார்.

போட்டால் அன்றைக்கு அருமையாகப் பாடும். ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்குக் 'காயில்' என்று பெயர்; அது தலைமுடி அளவு மெல்லிய கம்பி. வில்லை இல்லாவிட்டால் அடுத்து அறுவது அதுதான். சில பத்து ரூபாய்ப் பொருளைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பொருளைக் காவு கொடுக்கும் யோசனை இது.

ஆனால் வில்லையே பழுதாவதும் உண்டு. பல முறை அடைத்துத் திறந்தால் அதன் மின்தடை பழைய அளவுக்கு முழுதாக இறங்காது; பிறகு நடுத்தர வால்யூமிலேயே அடைத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் தாங்கிய சத்தத்தை இப்போது தாங்கவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். அதே மின்னோட்ட அளவுள்ள புது வில்லையை ஈயப்பற்று வைத்து மாற்றுங்கள். பெரிய அளவு போடுவது, வயர் போடுவதற்குச் சமம்.

காலையில் நன்றாகப் பாடுகிறது. மதிய வெயிலில் மட்டும் நிற்கிறது. வெயிலுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. மேலே சொன்ன வில்லை வெப்பத்தால் இயங்குவது. அதன் மீது அச்சிட்டிருக்கும் மின்னோட்ட அளவு சாதாரண அறை வெப்பநிலைக்கு உரியது. சுற்றுப்புறம் 60 டிகிரி செல்சியஸை எட்டினால், அது அடைக்காமல் தாங்கும் மின்னோட்டம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டுவது சாதாரணம்.

கிராஸ்ஓவரை டேஷ்போர்டுக்கு அடியில், கண்ணாடி வழியே வெயில் விழும் இடத்தில் ஒட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். இருக்கைக்குக் கீழே நல்ல இடம், ஆனால் ஏசி தண்ணீர் சொட்டாத பக்கமாகப் பார்த்து வையுங்கள். கார் கொஞ்சம் குளிரும்வரை பாட்டை அடக்கி வைப்பதும் ஒரு தீர்வுதான். பலருக்குப் பிடிப்பதில்லை.

சத்தம் குறைவாக இருந்தாலும் பள்ளத்தில் இறங்கினால் நிற்கிறது, கதவைத் திறந்து மூடினால் வருகிறது. இதுவும் பாதுகாப்புத்தானா?

இல்லை. இது தொடர்பு விட்டுப்போவது. வால்யூமுக்குக் கட்டுப்பட்டு நின்றால் பாதுகாப்பு. அதிர்வுக்கோ கதவுக்கோ கட்டுப்பட்டு நின்றால் வயர். முதலில் பார்க்க வேண்டிய இடம், கதவுக்கும் தூணுக்கும் நடுவே மடிந்து நிமிரும் ரப்பர்க் குழாய். அதற்குள் ஓடும் வயர் தினமும் பல முறை மடங்குகிறது. மேல் உறை பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ரப்பரைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு வயரையும் இரு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த இடத்தில் உறை ரப்பர் பேண்டுபோல நீளும்.

அடுத்தது இணைப்புகள். வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவது நம் ஊர்க் கடைகளில் தீராத வழக்கம். வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கு தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் கதவுக்குள் இறங்கும் நீர் செம்பில் பச்சை பூக்க வைக்கும். ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினால் அந்த இணைப்பை மறுபடி தொடத் தேவையிருக்காது.

ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. ட்வீட்டரா, கிராஸ்ஓவரா, ஆம்ப்ளிஃபயரா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?

இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். முதலில் ஆம்ப்ளிஃபயரின் இடது, வலது வெளியீடுகளை மாற்றிச் செருகுங்கள். கோளாறு மறுபக்கத்துக்குத் தாவினால் குற்றவாளி ஆம்ப்ளிஃபயரோ அதற்கு முன்னால் இருப்பதோ. தாவாமல் அதே பக்கத்தில் நின்றால், அடுத்து கிராஸ்ஓவர் பெட்டிகளை மாற்றுங்கள். அதற்கும் தாவவில்லை என்றால் மிஞ்சுவது ட்வீட்டரும் அதன் வயரும்தான்.

இரண்டு பக்கமும் ஒரே நொடியில் நின்றால் இந்த வேலையே தேவையில்லை. இரண்டு ட்வீட்டர்கள் ஒன்றாகச் சொல்லிவைத்துப் பழுதாவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். கதவு ஸ்பீக்கர் உட்பட எல்லாமே நின்றால், ஆம்ப்ளிஃபயர் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று பொருள். அதன் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், முள் அசையவே இல்லை. ட்வீட்டர் எரிந்துவிட்டதா?

எங்கே வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பல ட்வீட்டர்களின் வயரிலேயே ஒரு கெபாசிட்டர் தொடராக இருக்கும், சிலவற்றில் ட்வீட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். கெபாசிட்டர் நேர்மின்சாரத்தை விடாது. மீட்டர் அனுப்புவதோ நேர்மின்சாரம். அதனால் நல்ல ட்வீட்டரும் செத்ததாகவே காட்டும். நல்ல நிலையில் உள்ள ட்வீட்டரைக் குப்பையில் போட வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு தவறுதான்.

கெபாசிட்டரைத் தாண்டி, ட்வீட்டரின் இரு முனைகளிலேயே மீட்டரை வையுங்கள். வெளி வயர்களைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 4 ஓம் ட்வீட்டர் மீட்டரில் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். அங்கேயும் ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லாதவர்கள் ஒரு சாதாரண 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை அந்த முனைகளில் நொடிப்பொழுது தொட்டு எடுக்கலாம். 'டிக்' என்று கேட்டால் உயிர் இருக்கிறது. கார் பேட்டரியை வைத்து இந்தச் சோதனை வேண்டாம்.

3.4 ஓம் சரியாகக் காட்டுகிறது. ஆனாலும் இருபது நிமிடம் பாடினால் நிற்கிறது. வால்யூமும் அதிகமில்லை.

குளிர்ந்த நிலையில் அளந்திருப்பீர்கள். காயிலிலிருந்து வெளிமுனைக்கு வரும் மெல்லிய கம்பி, பற்றவைத்த இடத்தில் பாதி விட்டிருந்தால், ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டும் சூடானதும் விரிந்து விலகியும் விளையாட்டுக் காட்டும். நின்ற அதே நேரத்தில், ஆறுவதற்குள், ஸ்டீரியோவை அணைத்து வயரைக் கழற்றி அளந்து பாருங்கள். அப்போது அளவு காணாமல் போயிருந்தால் விடை கிடைத்துவிட்டது. அப்போதும் 3.4 ஓம் இருந்தால் ட்வீட்டரை விட்டுவிட்டு கிராஸ்ஓவர் பலகையில் விரிசல் விட்ட ஈயப்பற்றைத் தேடுங்கள்.

என் ட்வீட்டர் 120 வாட். ஆம்ப்ளிஃபயர் 50 வாட்தான். பிறகு எப்படி அதற்கு அதிகச் சுமை வரும்?

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் 120 வாட், கிராஸ்ஓவரோடு சேர்த்து, முழுப் பாட்டையும் ஊட்டும்போது தாங்கும் உச்ச அளவு. பாட்டின் ஆற்றலில் பெரும்பகுதி கீழ்ஸ்தாயியில் இருக்கிறது, அது கதவு ஸ்பீக்கருக்குப் போய்விடும். ட்வீட்டரின் காயில் தொடர்ந்து தாங்குவது பெரும்பாலும் பத்து, இருபது வாட் அளவுதான்.

இப்போது கிளிப்பிங்குக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரைத் தன் சக்திக்கு மேல் திருகினால், ஒலி அலையின் மேடும் பள்ளமும் தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில், மூலப் பாட்டில் இல்லாத உச்ச ஒலிகள் முளைக்கும். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி சதுரமாக வெட்டுப்பட்டால் 3, 5, 7 கிலோஹெர்ட்ஸில் புது ஒலிகள் தோன்றும். அவை நேராகப் போய்ச் சேரும் இடம் ட்வீட்டர். அதோடு, முழுக்கச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள வெட்டுப்படாத அலையைப்போல் இரு மடங்கு ஆற்றலைத் தரும். 50 வாட் ஆம்ப்ளிஃபயர் 50 வாட்டோடு நிற்பதில்லை.

'சின்ன ஆம்ப்ளிஃபயர் போட்டால் ட்வீட்டருக்குப் பாதுகாப்பு' என்ற நம்பிக்கை இங்கேதான் சறுக்குகிறது. ஸ்டீரியோவின் முகப்பில் '4 X 50 வாட்' என்று எழுதியிருக்கும். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதன் உள் ஆம்ப்ளிஃபயர் சுத்தமாகத் தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட். மீதி 30 வாட் அட்டையில் மட்டும் இருக்கிறது. அதைத் தேடி வால்யூமைத் திருகுகிறவர்களுக்குக் கிடைப்பது கிளிப்பிங்.

கெயினை எவ்வளவில் வைக்க வேண்டும்? கடைக்காரர் முழுக்கத் திருகி வைத்திருக்கிறார்.

முழுக்கத் திருகியிருந்தால் உங்கள் தேடல் இங்கேயே முடிந்திருக்கலாம். கெயின் இன்னொரு வால்யூம் அல்ல. ஸ்டீரியோ தரும் சமிக்ஞையின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு அது. சுத்தமான ஒலியின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அது தீர்மானிக்கிறது.

மீட்டர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றுங்கள். ட்ரெபிள், பேஸ், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முழு அளவில் பதிவு செய்த கோப்பாக ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவில் நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டில் மாறுமின்னழுத்தத்தை அளந்தபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள். 4 ஓமில் 50 வாட் என்றால் 14.1 வோல்ட், 75 வாட் என்றால் 17.3 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கான எண் கிடைக்கும். அதன்பின் வால்யூமை அந்த முக்காலுக்கு மேல் கொண்டுபோகாமல் இருக்க வீட்டில் எல்லோரையும் பழக்க வேண்டும். அதுதான் கடினமான பகுதி.

ட்ரெபிள் கொஞ்சம் கூட்டி வைத்தால் என்ன ஆகிவிடும்?

3 டெசிபெல் ஏற்றினால் ட்வீட்டருக்குப் போகும் ஆற்றல் இரு மடங்கு. 6 டெசிபெல் என்றால் நான்கு மடங்கு. பல கிராஸ்ஓவர் பெட்டிகளிலும் +3, 0, -3 என்று ஒரு மாற்றுமுனை இருக்கும். பலர் அதை +3இல் செருகிவிட்டு ஸ்டீரியோவிலும் ஏற்றுகிறார்கள். இரண்டையும் 0இல் வைத்து ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், காது பழகிவிடும்.

பேஸ் அடிக்கும்போதெல்லாம் ட்வீட்டர் விட்டுவிட்டு வருகிறது. பேஸுக்கும் ட்வீட்டருக்கும் சம்பந்தமே இல்லையே?

ஒரே ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஓட்டினால் சம்பந்தம் உண்டு. பெரிய பேஸ் அலை ஆம்ப்ளிஃபயரின் சக்தி முழுவதையும் எடுத்துக்கொள்ளும்போது, அதன் மீது சவாரி செய்யும் மெல்லிய உச்ச ஒலியும் சேர்ந்தே வெட்டுப்படும். முன் ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் வடிகட்டியை (அந்த எண்ணுக்கு மேற்பட்ட ஒலியை மட்டும் விடுவது) போட்டு, அதற்குக் கீழுள்ளதை பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரிடம் விட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேஸ் பூஸ்ட் பொத்தானை மறந்தே விடுங்கள்.

பேஸ் அடிக்கும்போது முகப்பு விளக்கும் சேர்ந்து மங்கினால் மின்சாரப் பற்றாக்குறை. எஞ்சின் ஓடும்போது ஆம்ப்ளிஃபயரின் முனையிலேயே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டியது பேஸுக்கு 11க்கு இறங்கினால், எர்த் வயரைப் பாருங்கள். பெயின்ட் மேலேயே திருகு முடுக்கி எர்த் கொடுத்திருப்பார்கள். சுரண்டி வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு முடுக்க வேண்டும்.

ஒரே கிராஸ்ஓவரில் இரண்டு ட்வீட்டர் போட்டிருக்கிறேன். அழகாக இருந்தது, இப்போது நிற்கிறது.

இரண்டு 4 ஓம் ட்வீட்டர்களை இணையாகச் சேர்த்தால் 2 ஓம். வில்லை வழியே மின்னோட்டம் இரு மடங்காகும், அது அடைக்கத்தான் செய்யும். கூடவே கிராஸ்ஓவரின் கணக்கும் 4 ஓமை நம்பிப் போட்டது என்பதால், ட்வீட்டருக்கான ஒலி எந்த ஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்ற எல்லை இடம்பெயர்ந்துவிடும். ஒன்றைக் கழற்றுங்கள்.

கெபாசிட்டர் மாற்றச் சொல்கிறார்கள். எதைக் கேட்டு வாங்குவது?

பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே கேளுங்கள். 4 ஓம் ட்வீட்டரோடு 4.7 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் எல்லை சுமார் 8,500 ஹெர்ட்ஸ், 10 மைக்ரோஃபாரட் என்றால் 4,000 ஹெர்ட்ஸ். பெரியது போட்டால் சத்தம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். கூடும்தான். ட்வீட்டர் தாங்க முடியாத கீழ் ஒலிகளும் சேர்ந்து நுழைவதால் கூடுகிறது.

வகை முக்கியம். முனை வேறுபாடு இல்லாத வகையாக இருக்க வேண்டும். ஃபிலிம் வகை கிடைத்தால் சிறப்பு, வெயிலில் காய்ந்துபோகாது. பக்கத்தில் கழித்தல் குறிக் கோடு போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இவை எல்லாம் கிடைக்கும்.

கிராஸ்ஓவர் பெட்டியே இல்லை. ஆம்ப்ளிஃபயர் நேராக ட்வீட்டருக்குப் போகிறது. இதில் எதைப் பார்ப்பது?

அந்தச் சேனலின் ஹைபாஸ் எண்ணைப் பாருங்கள். 3,000 இருக்க வேண்டிய இடத்தில் 80 இருந்தால், உடனே அணையுங்கள். அமைப்புகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும்போது இது சர்வசாதாரணமாக நடக்கும். காப்புக்காக 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடரில் போட்டு வையுங்கள். 4 ஓமில் அதன் எல்லை 850 ஹெர்ட்ஸ் அருகே இருப்பதால் பாட்டைப் பெரிதாகத் தொடாது. சுவிட்ச் போடும்போது வரும் 'தொப்' ஒலியையும் தவறி வரும் நேர்மின்சாரத்தையும் தடுக்கும். வில்லை இல்லாத இந்த அமைப்பில் ட்வீட்டருக்கு வேறு காவல் கிடையாது.

ட்வீட்டர் எரிந்தே விட்டது. ஒன்றை மட்டும் மாற்றலாமா, நானே கழற்றலாமா?

அதே மாடல் கிடைத்தால் ஒன்று போதும். கிடைக்காவிட்டால் ஜோடியாக மாற்றுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் இரண்டு குரலில் பாடும். எரிந்த காரணம் கெயினா, வயரா என்று தெரியாமல் புதியதை மாட்ட வேண்டாம்.

கழற்றுவதில் ஒரு அபாயம் இருக்கிறது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், முன் தூணின் உறைக்குள் அந்த ஏர்பேக் மடிந்திருக்கும். உறையில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கை வையுங்கள். ட்வீட்டர் வயரை ஏர்பேக்கின் பின்னால், அதன் கட்டுகளை ஒட்டியபடி கொண்டுபோங்கள், ஒருபோதும் அதன் குறுக்கே வேண்டாம். உறையைப் பிடிக்கும் கிளிப்புகள் சில கார்களில் ஒரு முறை மட்டும் பயன்படும் வகை. புது கிளிப் கையில் இல்லாமல் கழற்றத் தொடங்காதீர்கள்.